முழுக் கல்யாணத்தையும் கிம்பலிலேயே எடுக்க முடியுமா? எனக்குத் தோள்பட்டை போய்விட்டது

மூன்றாம்கை எழுதியது:

வணக்கம். இங்கே ஒரு வருஷமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் வாயைத் திறக்கிறேன். திறக்க வைத்தது என் வலது தோள்பட்டை.

ஏழு வருஷம் ஸ்டில் எடுத்தவன் நான். வீடியோவுக்கு வந்து மூன்று கல்யாணம் ஆகிறது. முதல் இரண்டும் தெரிந்தவர்கள் வீட்டு விசேஷம். கையில் பிடித்து எடுத்தேன், ஆட்டம் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது காசு வாங்கிச் செய்த வேலை. ஆட்டம் கூடாது என்று கிம்பல் வாங்கினேன், மோட்டார் வைத்துக் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி. கேமரா பாடி 660 கிராம், 24-70 எஃப் 2.8 லென்ஸ் பழைய மாடல், அது 890 கிராம். கிம்பல் 1.3 கிலோ. மொத்தம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் தூக்கிப் பார்த்தபோது இவ்வளவுதானா என்றிருந்தது. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கெல்லாம் புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது. கீழே வைத்தால் எந்த நொடியில் எது நடக்குமோ என்று பயம், வைக்காவிட்டால் கை நடுங்குகிறது.

நடந்த தப்புகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஜோடி வாசலிலிருந்து மேடைக்கு வரும்போது அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன். எடுத்ததைப் பார்த்தால் இடம் வலம் ஆட்டமே இல்லை, ஆனால் மேலும் கீழுமாக ஒரு துள்ளல். படகில் உட்கார்ந்து எடுத்த மாதிரி. கிம்பல் போட்டும் இது ஏன்?

அடுத்தது மேடையில். 24-லிருந்து 70-க்கு ஜூம் போட்டேன். லென்ஸின் மூக்கு முன்னால் நீண்டதும் மோட்டார் ர்ர்ர் என்று உறும ஆரம்பித்தது. படம் பொடிப்பொடியாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் மோட்டாரே தளர்ந்து, கேமரா தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

அப்புறம்தான் பெரிய கூத்து. பதற்றத்தில் ட்ரிக்கரை அழுத்தினேன். என் கிம்பலில் இரண்டு தடவை அழுத்தினால் கேமரா நேராக வந்து நிற்கும். எத்தனை தடவை அழுத்தினேனோ, மூன்றாகத்தான் இருக்க வேண்டும், கேமரா 180 டிகிரி சுழன்று என்னைப் பார்த்து நின்றது. சரியாக அந்த நேரத்தில் பெண்ணின் அப்பா மேடை ஓரமாக நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை என் கண்ணால் பார்த்தேன். கார்டில் இருப்பது பதினொரு நொடி என் மூக்குத் துவாரம்.

கேள்வி இதுதான். முழுக் கல்யாணத்தையும் கிம்பலில் எடுப்பவர்கள் எப்படி எடுக்கிறார்கள்? எடையைத் தாங்க உடம்பில் மாட்டும் வெஸ்ட் வாங்கலாமா? மோட்டாரே இல்லாத கிளைட்கேம் வகைக்குப் போகலாமா? இல்லை, எனக்குத்தான் இது ஒத்துவரவில்லையா?

சும்மாபார்க்கிறேன் எழுதியது:

பாஸ், கிம்பலை மூட்டை கட்டுங்கள். இப்போது வரும் பாடிகளில் ஐபிஐஎஸ் இருக்கிறது, பாடிக்குள்ளேயே சென்சாரை அசைத்து ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. மிச்ச ஆட்டத்தை எடிட்டில் ஜைரோஃப்ளோ பார்த்துக்கொள்ளும், இலவச மென்பொருள்தான். நான் அப்படித்தான் எடுக்கிறேன், தோள்பட்டை நன்றாக இருக்கிறது. அந்த மூக்குத் துவாரத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

டேப்காலம் எழுதியது:

தம்பி, படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் என் முதல் வருஷம் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது. நான் MiniDV கேமரா டேப் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். நீங்கள் செய்த எல்லாத் தப்பையும் செய்திருக்கிறேன், சுழன்று முகம் பார்ப்பதைத் தவிர. அப்போதைய கருவிகளுக்கு அந்த வித்தை தெரியாது.

முதலில் ஒன்று. முழுக் கல்யாணத்தையும் கிம்பலில் யாரும் எடுப்பதில்லை. எடுக்கிறேன் என்று சொல்கிறவரோடு ஒரு நாள் போய் நின்று பாருங்கள். என் கணக்கில் ஒரு நாளில் கிம்பல் கையில் இருப்பது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம். அதையும் தொடர்ச்சியாகப் பிடிப்பதில்லை. மண்டபத்தை யாரும் வராத நேரத்தில் ஒரு சுற்று, ஜோடி தயாராகும் அறையில் இரண்டு மூன்று நகர்வு, உள்ளே வருவது, மாலையில் ஜோடியை மட்டும் தனியாக அழைத்துப் போய் எடுப்பது, கடைசியில் ஆட்டம் பாட்டம். மற்றதெல்லாம் மோனோபாட், அதாவது ஒற்றைக்கால் தாங்கி. சடங்கு நடக்கும் நேரம் முழுக்க ட்ரைபாடில் ஒரு கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், அதை நான் தொடவே மாட்டேன்.

துள்ளல் ஏன் என்று கேட்டீர்கள். கிம்பலில் மூன்று மோட்டார். ஒன்று முன்னும் பின்னும் தலையாட்டுவதைத் தடுக்கும் (டில்ட்), ஒன்று பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் (ரோல்), ஒன்று இடம் வலம் திரும்புவதைத் தடுக்கும் (பேன்). மூன்றுமே சுழற்சி. உங்கள் உடம்பே ஒவ்வொரு அடிக்கும் ஏறி இறங்குகிறதே, அதைப் பிடித்து நிறுத்த அதில் எதுவும் இல்லை. அது உங்கள் முழங்காலின் வேலை.

நிறைந்த தம்ளரை ஏந்திக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். அடி சின்னதாக. முன்னால் போகும்போது குதிகால் முதலில் தொட்டு விரல் வரைக்கும் உருண்டு இறங்கும். பின்னால் போகும்போது நேர்மாறு, விரல் முதலில், குதிகால் கடைசியில். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து இரண்டு கையாலும் பிடியுங்கள். கையை நீட்டிப் பிடித்ததால்தான் உங்கள் தோள் போனது. அதே மூன்று கிலோ, நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தால் பாதி எடை மாதிரி இருக்கும்.

இன்னொரு விஷயம் நிறையப் பேர் கவனிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பொருளில்தான் துள்ளல் தெரியும், தூரத்தில் இருப்பதில் தெரியாது. ஃப்ரேமின் ஓரத்தில் நாற்காலி வரிசையோ தூணோ கையெட்டும் தூரத்தில் ஓடினால் ஒவ்வொரு அடியும் அதில் எழுதி வைத்த மாதிரி தெரியும். ஆகவே நடுப்பாதையில் நடங்கள், அகலமான 24-லேயே இருங்கள், ஜோடிக்கும் உங்களுக்கும் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓடவிட்டால் நடை பாதி வேகமாகும், மிச்சத் துள்ளலும் மெத்தென்று ஆகிவிடும்.

பின்னோக்கி நடக்கும்போது தனியாக நடக்காதீர்கள். உதவிக்கு வருகிற பையனின் உள்ளங்கை உங்கள் முதுகில் இருக்க வேண்டும். சட்டையைப் பிடித்து இழுக்கக் கூடாது, வெறும் உள்ளங்கை. அழுத்தினால் நில், எடுத்தால் நட. படி வந்தால் இரண்டு தட்டு. நான் ஒருமுறை கம்பளத்தின் மடிப்பில் குதிகால் மாட்டி, பின்னால் இருந்த பூ அலங்காரத்தின் மேல் உட்கார்ந்தேன். கிம்பல் பிசகாமல் அப்போதும் நேராகத்தான் நின்றது. அந்த ஷாட் அழகாக வந்திருக்கிறது, முடிவில் மட்டும் மேற்கூரை தெரியும்.

இனி பேலன்ஸ். உங்கள் மோட்டார் உறுமியதற்கு இதுதான் காரணம். மோட்டார் ஆட்டத்தைச் சரிசெய்ய இருக்கிறது, எடையைச் சுமக்க இல்லை. மோட்டாரை ஆன் செய்யாமலே கேமரா எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். எடுக்கப்போகும் கோலத்திலேயே கேமராவைத் தயார் செய்யுங்கள். பேட்டரி உள்ளே, கார்டு உள்ளே, லென்ஸ் மூடி கழற்றி, வார் கழற்றி, பக்கத்தில் மடங்கும் திரையை எந்த நிலையில் வைப்பீர்களோ அந்த நிலையில். திரையைத் திறந்தாலே பேலன்ஸ் கொஞ்சம் நகரும். டில்ட் பூட்டைத் திறந்து லென்ஸை மேலே பார்க்க வையுங்கள், விழுந்தால் கேமரா உட்காரும் தட்டை நகர்த்துங்கள். அப்புறம் லென்ஸை நேராக வைத்து முன்பின் பாருங்கள். 45 டிகிரியில் விட்டாலும் நின்றால் டில்ட் முடிந்தது. அடுத்து ரோல். கடைசியில் பேன்: கைப்பிடியைத் தரைக்குப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள், கிம்பலின் கை தானாக ஊசலாடினால் இன்னும் வேலை இருக்கிறது. வரிசையை மாற்றினால் சுற்றிச் சுற்றி அதையே செய்துகொண்டிருப்பீர்கள்.

ஜூம் போட்டால் நீளும் லென்ஸ் என்றால் 24-இல் செய்த பேலன்ஸ் 70-இல் பொய்யாகிவிடும். நான் ஜூம் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவேன். கை தானாகப் போனாலும் வளையம் நகராது. கிம்பலில் ஜூம் என்ற ஒன்றே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டே வேண்டுமென்றால் கிட்டே நடங்கள்.

பேலன்ஸ் முடிந்த பிறகு ஆட்டோ ட்யூனை ஓட விடுங்கள். மோட்டார் பலத்தை அதுவே அளந்து வைக்கும். பலம் கூடிப்போனாலும் அந்தப் பொடி நடுக்கம் வரும், குறைந்தால் கேமரா தளதள என்றிருக்கும்.

சும்மாபார்க்கிறேன் சொன்னதை முழுசாகத் தள்ளவில்லை. ஆனால் ஜைரோஃப்ளோ ஃப்ரேமை நேராக வைக்கும், ஃப்ரேமுக்குள்ளே ஏற்கெனவே பதிந்துபோன கலங்கலை அழிக்காது. 25 ஃப்ரேமில் 1/50 ஷட்டரில் கை ஆடினால் ஒவ்வொரு ஃப்ரேமும் இழுபட்டிருக்கும். அதை நேராக அடுக்கினால், ஆடாத படத்தில் உருவங்கள் மட்டும் துடித்துத் துடித்துக் கலங்கும். பார்த்தால் தலைவலி. அதைத் தவிர்க்க ஷட்டரை 1/200-க்கு ஏற்றினால் இரண்டு ஸ்டாப் வெளிச்சம், அதாவது நான்கில் மூன்று பங்கு, போய்விடும். மண்டபத்துக்குள்ளே அந்த இரண்டு ஸ்டாப்புக்கு எங்கே போவது? ஓரமும் வெட்டுப்படும். வெயிலில் எடுத்தால் அது நல்ல வழி.

வெஸ்ட் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, இருப்பவர்கள் சொல்லட்டும்.

மூன்றாம்கை எழுதியது:

அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இன்றைக்கு மாலை உட்கார்ந்து மோட்டாரை ஆன் செய்யாமல் பேலன்ஸ் பார்த்தேன். என் கேமரா முன்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. இத்தனை நாள் மோட்டார்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தட்டைப் பின்னால் தள்ளினால் தட்டின் முனை மோட்டாரில் இடிக்கிறது. அடியில் ஒரு உயரத் தட்டு போட்ட பிறகுதான் உட்கார்ந்தது.

இரண்டு சந்தேகம். கிம்பலில் இருக்கும்போது கேமராவின் ஐபிஐஎஸ்ஸை அணைக்க வேண்டுமா? அப்புறம் நான் திரும்பியதற்கு அப்புறம் கேமரா ஒரு நொடி கழித்துத் திரும்புகிறது. அதனால் ஜோடி ஃப்ரேமின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். இது கோளாறா?

டேப்காலம் எழுதியது:

கோளாறு இல்லை, அது ஃபாலோ வேகம், கேமரா உங்கள் கையைப் பின்தொடரும் வேகம். செட்டிங்கில் பேன் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், டெட்பேண்டைக் குறையுங்கள். டெட்பேண்ட் என்றால், கை எவ்வளவு திரும்பிய பிறகு கேமரா திரும்ப ஆரம்பிக்கலாம் என்ற எல்லை. உள்ளே வரும் காட்சிக்கு ஒரு செட்டிங், சும்மா மிதக்கும் காட்சிக்கு இன்னொன்று என்று இரண்டு ப்ரொஃபைல் சேமித்து வையுங்கள். அப்படியும் எல்லாக் கிம்பலும் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பும். அவர்கள் திரும்பப் போகிறார்கள் என்று தெரிந்தால் அரை அடி முன்னதாகவே நீங்கள் திரும்ப ஆரம்பித்துவிட வேண்டும். ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தால் திசை பூட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் நகரும் ஷாட்டுக்கு அது உதவும். அழுத்திப் பிடிக்க வேண்டும், தட்டக் கூடாது. உங்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஐபிஐஎஸ் விஷயத்தில் பாடிக்குப் பாடி மாறும். என் பாடியில் 16, 20 மாதிரி அகல லென்ஸில் ஐபிஐஎஸ் ஓடினால், நடக்கும்போது ஃப்ரேமின் மூலைகள் ஜெல்லி மாதிரி நெளியும். அகலத்தில் அணைத்துவிடுவேன். 50-க்கு மேல் போட்டால் ஆன் செய்வேன், பொடி ஆட்டத்தைப் பிடிக்கிறது. நேர்க்கோடுகள் உள்ள ஒரு சுவருக்கு முன்னால் இரண்டு விதமாகவும் நடந்து பாருங்கள், உங்களுடையது எப்படி என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

எடைத்தட்டு எழுதியது:

கிளைட்கேம் என்ற பெயரைக் கேட்டதும் ஓடி வந்தேன். இப்போதும் அதில்தான் எடுக்கிறேன், கேலி செய்ய வேண்டாம்.

இந்த விஷயமே கேரட் பிரவுன் என்ற மனிதர் 1970-களின் நடுவில் ஸ்டெடிகேம் என்று கொண்டுவந்ததில் ஆரம்பிக்கிறது. மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது. எடையை மேலும் கீழுமாகப் பரப்பி வைத்தால் பொருள் சீக்கிரம் சுழலாது. அந்த எடையின் மையத்துக்குப் பக்கத்தில், சுதந்திரமாகத் திரும்பும் ஒரு பிடியை வைத்துப் பிடித்தால் கையின் ஆட்டம் கேமராவுக்குப் போகாது. சினிமாவில் அதை வெஸ்ட், ஸ்பிரிங் கை எல்லாம் போட்டு உடம்பில் மாட்டுவார்கள். அந்த ஸ்பிரிங் கைதான் ஏறி இறங்குவதை வாங்கிக்கொள்ளும். கிளைட்கேம் அதன் கைப்பிடித் தம்பி. மோட்டார் கிம்பல் கையில் பிடிக்கும் கருவியாகக் கேமராக்காரர்களிடம் பரவியது 2013-இல் ஃப்ரீஃப்ளை நிறுவனத்தின் மோவி வந்த பிறகு. மறு வருஷம் டிஜேஐ ரோனின் வந்தது. அதற்கப்புறம் நாங்கள் பழங்காலத்து ஆட்களாகிவிட்டோம்.

கிளைட்கேமை பேலன்ஸ் செய்ய அடித்தட்டில் எடைத் தகடுகளைக் கூட்டிக் குறைக்க வேண்டும். தண்டைப் படுக்கையாகப் பிடித்து விட்டால் நிமிர்ந்து நிற்க இரண்டு, மூன்று நொடி ஆக வேண்டும். ஒரு நொடியில் டபக்கென்று விழுந்தால் கீழே எடை அதிகம், நடக்கும்போது ஊசலாடும். ரொம்ப நேரம் எடுத்தால் கீழே போதவில்லை, திசை தெரியாமல் மிதக்கும்.

நல்லது என்னவென்றால் ஆன் செய்ய வேண்டியதில்லை, சார்ஜ் தீராது, உங்கள் முகத்தைப் படமெடுக்காது. ஓடலாம். திரும்பும்போது பிந்தாது, இரண்டு விரலால் தண்டைத் தொட்டால் தொட்ட அளவுக்குத் திரும்பும். கெட்டது என்னவென்றால் எடை கிம்பலை விடக் குறையாது, காரணம் அந்தத் தகடுகள். முழு எடையும் ஒரு மணிக்கட்டில். வெளியே காற்றடித்தால் கொடி மாதிரி திரும்பிக்கொள்ளும். பழக எனக்கு நான்கு மாதம் ஆனது. தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்கிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், மனசு கேட்டாலும்.

வெஸ்ட் போட்டிருக்கிறேன். எடை இடுப்புக்கு இறங்குவது உண்மை. ஆனால் கல்யாணக் கூட்டத்தில் வெஸ்டும் கையும் மாட்டிய ஒருவர் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொள்வார். நாற்காலிகளுக்கு நடுவே நுழைய முடியாது. ஒரு குழந்தை என் ஸ்பிரிங் கையைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தது. அன்றோடு கழற்றி வைத்தேன்.

தோளுக்கு ஒரு மலிவான வழி: கிம்பல் கைப்பிடியின் அடியில் திருகுமரை இருக்கும். அதில் மடக்கிய மோனோபாடை மாட்டி, அதன் அடியை இடுப்பு பெல்ட்டில் ஒரு பைக்குள் நிறுத்துங்கள். கை திசை காட்டினால் போதும், எடை இடுப்பில் நிற்கும். அதையே நீட்டித் தூக்கினால் கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு ஷாட்டும் கிடைக்கும்.

வெட்டுக்கத்தி எழுதியது:

நான் கேமரா பிடிப்பவள் இல்லை, வெட்டுபவள். பல யூனிட்டுகளின் கல்யாண ஃபுட்டேஜ் என் மேஜைக்கு வருகிறது. கருவியைப் பற்றி அண்ணன்மார் பேசிவிட்டார்கள், அந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுவது எப்படி இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

கிம்பல் வந்த பிறகு எனக்கு வருவது மிதவை. ஆறு மணி நேர ஃபுட்டேஜ், எல்லாம் வழுவழு. ஒன்றுகூட எங்கேயும் ஆரம்பிக்காது, எங்கேயும் முடியாது. பூவைச் சுற்றி மிதக்கும், விளக்கைச் சுற்றி மிதக்கும், மணப்பெண்ணைச் சுற்றிப் பாதி மிதந்துவிட்டு வேறு யாரையோ தேடிப் போகும். இரண்டு மிதவைகளை ஒட்டினால் ஒன்று இடமாகப் போகிறது, அடுத்தது வலமாக. பார்க்கிறவருக்குக் கழுத்து சுளுக்கும்.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் இரண்டு நொடி அசையாமல் நில்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு நகர்வு, நான்கைந்து நொடி. முடிவில் மறுபடி இரண்டு நொடி அசையாமல். நகர்வு எதையாவது காட்டிக்கொடுக்க வேண்டும். கதவு நிலைக்குப் பின்னாலிருந்து நகர்ந்து வந்தால் அறைக்குள் பெண் தெரிகிறாள், அது நகர்வு. கண்ணாடியில் ஆரம்பித்துச் சுற்றி வந்தால் அம்மா கொக்கி மாட்டிவிடுகிறார், அதுவும் சரி. ஒன்றும் தெரியவராத இடத்தில் நகராதீர்கள், நிற்கலாம், தப்பில்லை.

முகத்தில் உணர்ச்சி இருக்கும்போது நகரவே வேண்டாம். அழுகிற ஒருவரைச் சுற்றிக் கேமரா மிதந்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது. அந்த அப்பா கண்ணைத் துடைத்த இடம் இருக்கிறதே, மூன்றாம்கை தம்பி, அது கிம்பலில் ஒழுங்காகக் கிடைத்திருந்தாலும் நான் அரைகுறையாகத்தான் பயன்படுத்தியிருப்பேன். அது மோனோபாடில், தூரத்திலிருந்து, 85 லென்ஸில், அவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டியது.

ஆட்டத்துக்குப் பயப்படுகிறீர்கள். கொஞ்சம் ஆடினால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆள் மூச்சு விடுகிற அளவு ஆட்டம் பல இடங்களில் நன்றாகவே இருக்கும், வீட்டு மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்ப்பது போல. கேமராவின் வாரைக் கழுத்தில் போட்டு முன்னால் இறுக்கி இழுத்துப் பிடித்து எடுக்கிற ஒரு பையனின் ஃபுட்டேஜ் எனக்கு வருகிறது. கிம்பல் ஃபுட்டேஜை விட அவனுடையதில்தான் நான் அதிகம் எடுத்துக்கொள்கிறேன். எனக்குச் சரி செய்ய முடியாதது ஃபோகஸ் போன முகமும் சாய்ந்த அடிவானமும். சாய்வை நிமிர்த்தலாம், ஆனால் ஓரம் வெட்டுப்பட்டு யாராவது ஒருவர் ஃப்ரேமை விட்டுப் போவார். காலையில் கிம்பலைச் சமமான மேஜை மேல் வைத்து ஒரு தடவை கேலிப்ரேட் செய்துவிட்டு, அதாவது எது சமம் என்று அதற்குக் காட்டிவிட்டு, வாருங்கள். பாதிப் பேர் செய்வதில்லை, எனக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம்கை எழுதியது:

மேடம், சோப்பு விளம்பரம் என்றதும் என் ஹைலைட் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டுக்கத்தி எழுதியது:

மேடம் வேண்டாம், அக்கா போதும். தலையை நிமிர்த்துங்கள், தோள்பட்டை இன்னும் வலிக்கும்.

மூன்றாம்கை எழுதியது:

நான்காவது கல்யாணம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முந்தின நாள் மண்டபத்துக்குப் போய் வாசலிலிருந்து மேடை வரைக்கும் அடியெண்ணி நடந்து பார்த்தேன். என் சின்ன அடியில் நாற்பத்தாறு. ஒரு இடத்தில் தரையில் ஒயர் ஓடுகிறது, டேப் ஒட்டச் சொன்னேன். ஃபோட்டோ எடுப்பவரிடம் காலையிலேயே பேசினேன்: ஜோடி உள்ளே வரும்போது நான் நடுப்பாதை, அவர் இடப்பக்கம், மேடையில் ஏறியதும் நான் விலகிவிடுவேன். அவரும் ஒரு கிம்பல்காரரின் முதுகை நிறைய ஃபோட்டோவில் பார்த்தவர் போலிருக்கிறது, உடனே ஒத்துக்கொண்டார்.

24-70-ஐக் கிம்பலில் வைக்கவில்லை. ஜூம் இல்லாத ஒரு 24 ப்ரைம் லென்ஸ் கடன் வாங்கினேன். எஃப் 4-இல் வைத்து, முகம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸில் விட்டேன். பின்னோக்கி நடந்தபோது உதவிக்கு வந்த தம்பியின் உள்ளங்கை முதுகில். ஒயர் இருந்த இடத்தில் இரண்டு தட்டு தட்டினான், காலைத் தூக்கி வைத்தேன். அந்த ஒரு அடி மட்டும் படத்தில் தெரிகிறது, மற்ற நாற்பத்தைந்தும் தெரியவில்லை. ஜோடி மேடைக்குக் கீழே வந்ததும் நான் நின்றேன், அவர்கள் என்னைத் தாண்டி நடந்து ஃப்ரேமை விட்டுப் போனார்கள். இரண்டு நொடி காலிப் பாதை, கீழே உதிர்ந்த பூ. அக்கா சொன்ன அந்த முடிவு. அதை எடுத்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அதோடு கிம்பலை மடக்கி, மூன்று அச்சையும் பூட்டி, மேடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மாலையில்தான் மறுபடி எடுத்தேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிஷம், கேமரா சொன்ன கணக்கு. சடங்கு முழுக்க மோனோபாடில். அடியில் மூன்று குட்டிக் கால் உள்ள வகை. அதைப் பிடித்து ஒரு விரற்கடை முன்னால் சாய்த்தாலே மெல்லிசாக ஒரு நகர்வு கிடைக்கிறது, கேமராவைத் தண்டவாளத்தில் நகர்த்தும் ஸ்லைடர் மாதிரி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

இந்தத் தடவை எந்த அப்பாவும் அழவில்லை. மாப்பிள்ளையின் பாட்டிதான் மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பேத்தியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. நான் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்றேன். லேசான ஆட்டம் இருக்கிறது. அப்படியே விட்டுவிடப் போகிறேன்.

தோள்பட்டை பரவாயில்லை. ஒரே ஒரு கேள்வி பாக்கி. மோனோபாடை மண் தரையில் வைத்துவிட்டேன் போலிருக்கிறது, காலை நீட்டும்போது கரகரக்கிறது. எண்ணெய் விடலாமா?

டேப்காலம் எழுதியது:

விடாதீர்கள், மண் இன்னும் ஒட்டிக்கொள்ளும். மூட்டைத் திருகிக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் உருண்டு ஓடும், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்யுங்கள். பாட்டி சிரித்ததை எனக்கு அனுப்புங்கள்.